செல்லக்கண்ணு கை வைக்காத தட்டு

பஸ் இருக்கைகளுக்கு உறை தைக்கும் செல்லக்கண்ணுவை ரங்கூன் நகரத்துத் தாகேதாவில் கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. இளவயதில் எங்கள் பேட்டை அணிக்கு ஆடினார் என்று ஒரு பேச்சு உண்டு. விசாரித்த வரையில் அது சரியில்லை. அவரிடமே கேட்டபோது, "நமக்குக் காலு வரல சார், வாய்தான் வந்துச்சு" என்றார்.

வாய் நன்றாகவே வந்திருந்தது. பாசுண்டாங் ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ்கள் திரும்பும் இடத்தில் அவர் கடை. தகரக் கூரை, பழைய தையல் இயந்திரம், சுவரோரம் அடுக்கிய நுரைப் பலகைகள், சுருட்டி நிறுத்திய ரெக்சின். இயந்திரத்தில் அவர் மனைவி விஜயகுமாரி உட்கார்ந்திருப்பார். வெட்டுவதும் பொருத்துவதும் செல்லக்கண்ணு. கழுத்தில் அளவு நாடா தொங்காமல் அவரைப் பார்க்க முடியாது. பஸ்காரர்கள் அவரை, பெரியவர் பெயருக்கு முன் 'ஊ' சேர்க்கும் பர்மிய வழக்கப்படி, 'ஊ கன்' என்று கூப்பிடுவார்கள். தாத்தா ரங்கூன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர், அப்பா நகராட்சியில் வேலை பார்த்தவர். இருக்கை தைக்கும் தொழில் இவர் தானாகத் தேடிக்கொண்டது.

கடைக்கு எதிரே தேநீர்க் கடை. கால்பந்து பற்றிய அவருடைய கருத்துகள் பெரும்பாலும் அங்கேதான் வெளியாகும். அவை இரண்டே வகை. ஒன்று, ஆட்டக்காரனுக்கு அடிபடக் கூடாது. இன்னொன்று, பேட்டைப் பையன் பேட்டைக்குத்தான் ஆட வேண்டும்.

அடிபடுவது பற்றி அவர் சொல்வதில் பலவும் நியாயம் என்றே நான் நினைக்கிறேன். எங்கள் ஆட்டங்களில் பாதிப் பேர் பூட்ஸ் போட்டிருப்பார்கள், பாதிப் பேர் வெறுங்கால். "ஒண்ணு எல்லாரும் பூட்ஸ் போடு, இல்ல எல்லாரும் வெறுங்கால்ல ஆடு. மாட்டு வண்டியும் லாரியும் ஒரே ரோட்டுல விட்டா என்ன ஆவும்?" என்பார். வெற்றிலை பாக்கு மென்றுகொண்டே ஓடும் பையன்களைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. "பாக்கு தொண்டையில மாட்டினா ரெப்ரி விசில் ஊதி எடுப்பாரா? துப்பிட்டு வாடா!" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார். மாதா கோயில் பையன்கள் சங்கிலி போட்டு ஆடினாலும், மற்றவர்கள் மணிக்கட்டில் மந்திரக் கயிறு கட்டி ஆடினாலும் கழற்றச் சொல்வார். காலம் தப்பி மழை வந்து இடி இடித்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பார். நடுவர் நிறுத்த மாட்டார். செல்லக்கண்ணு குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே நிற்பார். குடைக் கம்பி இடியை இழுக்கும் என்பது அவர் எண்ணம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவருக்குக் கண்ணை உறுத்தியது கோல் கம்பம். எங்கள் மைதானத்துக் கம்பங்கள் பழைய தண்ணீர்க் குழாய் இரும்பு. அடியில் கான்கிரீட். அவற்றை ஆள் உயரத்துக்காவது நுரை வைத்துச் சுற்ற வேண்டும் என்று அவர் ஆண்டுதோறும் சொல்லி வந்தார்.

அணித் தலைவர் ஊ தேவராஜ் ஆண்டுதோறும் சிரித்தார். தேவராஜ் பஸ் லைனில் வண்டிகள் வைத்திருப்பவர். அந்தக் காலத்தில் எங்களுக்கு நடு முன்கள ஆட்டக்காரராக இருந்தவர். "செல்லக்கண்ணு, உன் கடையில நுரை தேங்கிப் போச்சுன்னு சொல்லு, நான் ரெண்டு வண்டிக்கு எடுத்துக்கிறேன். அதுக்காகக் கம்பத்துக்குச் சட்டை தைக்கணுமா?" என்பார். தேநீர்க் கடை முழுவதும் சிரிக்கும். செல்லக்கண்ணு தேநீரை முடித்துவிட்டுக் கடைக்குத் திரும்புவார். நுரை விற்கிறவன் நுரை வேண்டும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இப்படியே போயிருக்கும், இந்த ஆண்டு அரையிறுதி ஆட்டம் நடக்காமல் இருந்தால்.

எதிரணி ஒக்கலாபா. இரு பக்கமும் ஒவ்வொரு கோல் அடித்திருந்த நேரம். இரண்டுக்கு ஒன்று என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள், அது தவறு. எங்கள் கோல்கீப்பர் ஆல்பின். ஆன்மேரியின் ஒரே மகன், பாலத்துக்கு அந்தப் பக்கம் தாமுவேயில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறான். மூலையிலிருந்து வந்த பந்துக்கு ஆல்பின் இடது பக்கம் பாய்ந்தான். பந்தைத் தட்டிவிட்டான். தலை கம்பத்தில் மோதியது. அந்தச் சத்தம் மைதானத்தின் மறுகோடி வரை கேட்டது.

தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ தைலம் தேய்த்தார்கள். பையன் எழுந்து நின்றான். எல்லோரும் கை தட்டினார்கள். மாற்று கோல்கீப்பர் எங்களிடம் இல்லை. இருந்தவன் போன மழைக்கு முன்பே பாங்காக் போய்விட்டான். நடுவர் விசில் ஊதப் போனார்.

செல்லக்கண்ணு எப்போதும் எங்கள் கோலுக்குப் பின்னால்தான் நிற்பார். ஆல்பின் அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது அவருக்கு மட்டும் கேட்டது.

"மாமா, நம்ம எந்தப் பக்கம் அடிக்கிறோம்?"

செல்லக்கண்ணு நேராக மைதானத்துக்குள் நடந்து போய், கோல் கோட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரி க்வா!" என்று தேவராஜ் பர்மிய 'டா' போட்டுக் கத்தினார்.

"பையன வெளிய கூட்டிட்டுப் போங்க, எந்திரிக்கிறேன்."

"கீப்பர் வேற யாரு இருக்கா?"

"நான் உக்காந்திருக்கேன்ல. என்னத் தாண்டி அடிக்கட்டும்."

நடுவர் பர்மியப் பெரியவர், பள்ளி ஆசிரியர், எல்லோருக்கும் 'சயா', அதாவது வாத்தியார். பொறுமையாக வந்து குனிந்து பேசிப் பார்த்தார். செல்லக்கண்ணு இரண்டு கையும் கூப்பி, "சயா, நீங்க சொல்றது எல்லாம் சரி. நான் எந்திரிக்க மாட்டேன்" என்றார். வெளியாள் உள்ளே வந்து ஆட்டத்தைத் தடுத்தால் அவருடைய அணி தோற்றதாகக் கணக்கு. அதுதான் விதி. ஒக்கலாபா இறுதி ஆட்டத்துக்குப் போனது. ஆல்பினைச் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியெல்லாம் வாந்தி எடுத்தான். அந்த ஆட்டத்தின் பின்பாதி அவனுக்கு இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. மற்றபடி தேறிவிட்டான்.

அதன்பிறகு பேட்டையில் செல்லக்கண்ணுவுக்கு 'பன்னெண்டாவது ஆள்' என்று பெயர் வைத்தார்கள். தேவராஜ் கொஞ்ச நாள் பேசவே இல்லை. வண்டி இருக்கைகளை மட்டும் கண்டக்டர் மூலம் அனுப்பிக்கொண்டிருந்தார். செல்லக்கண்ணு அவற்றை வழக்கம்போலத் தைத்துக் கொடுத்தார். ஆல்பின் தலை மோதிய பிறகாவது கம்பத்தைச் சுற்றினார்களா என்றால், இல்லை.

மழை தொடங்கியது. மைதானம் குளமானது. எங்களுக்கு மழைக்காலம்தான் ஆள் பிடிக்கும் காலம். இந்த ஆண்டுகளில் பையன்கள் நாட்டை விட்டுப் போகப் போக, அது ஆள் இழக்கும் காலமாகவும் ஆகிவிட்டது. ஒரு விங்கர் பினாங்குக்குப் போனான். ஒரு பின்கள ஆட்டக்காரன் எங்கே போனான் என்று வீட்டார் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முன்களத்துக்கு தேவராஜ் கியாக்தானிலிருந்து அய்யாசாமி என்ற பையனை அழைத்து வந்திருந்தார். நல்ல கால். ஆனால் ஊர் தூரம்.

"கடைசி பஸ்ஸுக்கு ஓடுற ஓட்டத்துல பாதி பந்துக்கு ஓடினா கோல் விழும்" என்றார் செல்லக்கண்ணு. "அண்ணே, பேட்டைப் பையன் தோத்தாலும் மறுநாள் நம்ம மூஞ்சியில முழிக்கணும். அந்த வெக்கத்துக்காகவே ஓடுவான். இவன் பஸ் ஏறிட்டா யாரு கேக்கப் போறா?"

"பேட்டையில பையன் எங்கடா இருக்கான்? எண்ணிச் சொல்லு" என்றார் தேவராஜ். அவர்கள் மறுபடி பேசத் தொடங்கியது அப்படித்தான்.

அந்த வேளையில்தான் தாமுவேயிலிருந்து ஆல்பினைக் கேட்டார்கள்.

தாமுவே அணியை நடத்துபவர் சாதிக் பாட்சா. டான்பௌக் கடைக்காரர், நம் பிரியாணிக்கு அண்ணன் தம்பி மாதிரியான அந்தச் சோற்றை அவர் கையால் தம் போட்டால் தனி ருசி. எங்களுக்கும் தாமுவேக்கும் ஆள் மாற்றுவதில் ஒரு வழக்கம் உண்டு. ஆளை எடுத்துக்கொள்ளும் அணி, மழை முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளைக் கொடுக்கும் அணியின் மைதானத்துக்கு ஒரு பானை சோறு கொண்டுவர வேண்டும். அந்த ஆண்டு எல்லா ஆட்டத்துக்கும் வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு. எல்லாரும் சாப்பிட்டால் பையனை மனதார விட்டதாக அர்த்தம். ஒரு தட்டில் கை வைக்கப்படாமல் இருந்தாலும் பானை திரும்பிப் போகும். அந்த ஆண்டு மாற்றம் இல்லை. இதை யார் தொடங்கினார்கள் என்பதற்கு இரண்டு கதைகள் சொல்கிறார்கள். இரண்டுக்கும் சான்று கிடைக்கவில்லை. பானை ஒரே ஒரு முறை திரும்பிப் போயிருக்கிறது. அந்தப் பையன் கோபத்தில் ஆட்டத்தையே விட்டுவிட்டான்.

செல்லக்கண்ணு ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. ஆகவே அவருக்குத் தட்டு உண்டு.

ஆல்பின் ஒரு மழை நாளில் கடைக்கு வந்தான். விஜயகுமாரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "உள்ள வா தம்பி, நனையாத. இவரு மழையிலயும் பந்தைப் பத்தித்தான் பேசுவாரு" என்றார்.

ஆல்பின் பாதி பர்மியத்திலும் பாதி தமிழிலுமாகப் பேசுகிறவன். அன்று முழுவதும் தமிழில் பேச முயன்றான்.

"மாமா, நான் தாமுவேக்குப் போலாம்னு இருக்கேன்."

செல்லக்கண்ணு கத்தரியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். "வேலை அங்கங்கிறதாலயா?"

"அது இல்ல. அங்க கம்பத்தைச் சுத்தி வச்சிருக்காங்க. ரெண்டாவது கீப்பரும் இருக்கான். தலையில பட்டா வெளிய வரணும், அடுத்த ஆட்டமும் கிடையாது. பாய் அப்படி வச்சிருக்காரு."

"அது நான் சொன்ன சட்டமாச்சே!"

"ஆமா மாமா. நீங்க மேட்ச்ல உக்காந்ததைப் பாத்துட்டுத்தான் பாய் செஞ்சாராம்."

செல்லக்கண்ணுவுக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விஜயகுமாரி சிரித்துவிட்டார்.

"அம்மா என்ன சொல்றா?"

"அந்தக் கம்பத்துக்கு நடுவுல இனிமே நிக்கக் கூடாதாம். தாமுவேன்னா ஆடலாம். இல்லைன்னா போன் கடையோட சரியாம்." பையன் கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "நீங்க சாப்பிடுவீங்கல்ல மாமா?"

செல்லக்கண்ணு கத்தரியை மறுபடி எடுத்தார். பேட்டைப் பையன் பேட்டைக்குத்தான் என்று தெருவெல்லாம் கேட்கச் சொன்னவர் அவர். கம்பத்தைச் சுற்று என்று சொன்னவரும் அவரே. அவருடைய ஒரு பேச்சு இப்போது இன்னொரு பேச்சின் கழுத்தைப் பிடித்திருந்தது.

மறுநாள் மழை விட்ட நேரத்தில் செல்லக்கண்ணு பாலத்தைத் தாண்டித் தாமுவேக்குப் போனார். மைதானத்தில் யாரும் இல்லை. கம்பங்களை உண்மையாகவே சுற்றியிருந்தார்கள். பழைய மெத்தையைக் கிழித்து, சாக்கு போட்டு, நைலான் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள். செல்லக்கண்ணு கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். குழாய் திறந்ததுபோல் தண்ணீர் வழிந்தது. கை முஷ்டியால் குத்திப் பார்த்தார். ஈர மண் சுவரைக் குத்தியதுபோல் இருந்தது.

பின்னால் குடையுடன் சாதிக் பாட்சா நின்றார். "என் கம்பத்தை எதுக்குய்யா குத்துற? அது உன்னை என்ன செஞ்சுச்சு?"

"பாய், இது என்ன பாய்?"

"நுரை. உன் பேச்சைக் கேட்டுத்தான் கட்டினேன்."

"என் பேச்சை முழுசா கேட்டிருக்கணும். இது தண்ணி குடிக்கிற நுரை. மெத்தையில படுக்கத்தான் லாயக்கு. மழை பெஞ்சா ஊறும், ஊறினா கல்லு. இதுல என் பையன் தலை மோதினா இரும்புல மோதினதுக்கும் இதுக்கும் வித்தியாசம், சத்தம் வராது, அவ்வளவுதான்."

"ஆட்டம் நடக்கிறது பனிக்காலத்துல. அப்ப மழை ஏது?"

"பயிற்சி?"

சாதிக் பாட்சா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "பயிற்சி இப்பவே தொடங்கிட்டோம்" என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "நாங்க ஏதோ செஞ்சோம். உங்க பேட்டையில அதுவும் இல்லையே" என்றார்.

செல்லக்கண்ணு ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். கழுத்திலிருந்த நாடாவை எடுத்துக் கம்பத்தைச் சுற்றி அளந்துவிட்டுத் திரும்பினார். எதற்கு அளந்தார் என்று சாதிக் பாட்சா கேட்கவில்லை. தையல்காரர் எதைப் பார்த்தாலும் அளப்பார் என்று நினைத்துக்கொண்டாராம்.

மழை ஓய்ந்து, மழை முடிவில் வரும் தடின்ஜுத் விளக்குத் திருவிழாவும் முடிந்தது. பானை வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் மாலை தேவராஜ் தாமே கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செல்லக்கண்ணு, சாதிக் பாய்கிட்ட நான் முடியாதுன்னு சொல்ல முடியாது. எத்தனை வருஷப் பழக்கம். ஆனாவா இருக்கு." மற்றவர் மனம் நோகுமே என்று கூசுவதைப் பர்மாக்காரர்கள் 'ஆனா' என்பார்கள்.

"அதுக்கு நான் என்ன செய்யணும்ண்ணே?"

"நீ எப்பவும் சொல்றதைத்தான் செய்யச் சொல்றேன். பேட்டைப் பையன் பேட்டைக்கு. உன் தட்டுல மட்டும் கை வைக்காத. உன்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. உனக்குத்தான் ஏற்கெனவே பேரு இருக்கே."

"கம்பம்?"

"பாக்கலாம், பாக்கலாம்" என்று எழுந்து போனார் தேவராஜ்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து எல்லோரும் மைதானத்துக்கு வந்தோம். சாதிக் பாட்சாவும் அவர் மகன் ஆமிரும் ஒரு சிறு லாரியில் பானையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆமிர்தான் தாமுவே அணியின் கேப்டன். மூடியைத் திறந்ததும் நெய்யும் ஏலமும் முந்திரியும் சேர்ந்து மணம் எழுந்தது. கோழித் துண்டுகள் ஒவ்வொன்றும் கை அகலம். வெயில் இதமாக இருந்தது. பாய் விரித்து, தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். ஆல்பின் ஓரமாக நின்றான். பையன் உட்காரக் கூடாது, பரிமாற வேண்டும், அதுவும் வழக்கம். ஆன்மேரி தம் கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார்.

எல்லோரும் பிசைய ஆரம்பித்தோம். தேவராஜ் மெதுவாக ஒரு கவளம் எடுத்தார். எடுத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். செல்லக்கண்ணு தட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வரிசையில் ஒவ்வொருவராக அவர் பக்கம் திரும்பினோம்.

ஆல்பின் அவர் தட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, "மாமா, இன்னொரு துண்டு வைக்கட்டுமா?" என்றான்.

"வை" என்றார். அவன் வைத்தான். அவர் தொடவில்லை.

சாதிக் பாட்சா கரண்டியைக் கீழே வைத்தார். "என்னய்யா, உப்பு இல்லையா?"

"உப்பு இருக்கும் பாய். உங்க கம்பத்துல ஈரம் இருக்கு."

"ஒரு வாரமா வெயில் அடிக்குது. காஞ்சிடுச்சு!"

"மேல காயும். உள்ள காயாது. மெத்தை நுரை அப்படித்தான்." செல்லக்கண்ணு தெருப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "விஜயா, வரச் சொல்லு!"

ஒரு சைக்கா உள்ளே வந்தது. விஜயகுமாரி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றியும் அவர் மடியிலும் நீளநீளமாக நான்கு உறைகள், கனத்த பச்சை ரெக்சினில். படகு இருக்கைகளுக்குப் போடும் கெட்டி நுரை. அது தண்ணீர் குடிக்காது. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் பித்தளைக் கண் வைத்துக் கயிறு கோத்திருந்தது. தைத்தது விஜயகுமாரி, வெட்டியது செல்லக்கண்ணு. அவர் அளந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் சாதிக் பாட்சாவுக்கு விளங்கியது.

"பேட்டைப் பையன் பேட்டைக்குன்னு நான் சொன்னது நிசம்" என்றார் செல்லக்கண்ணு. "இப்பவும் அதான் சொல்றேன். ஆனா பையன் இருந்தாத்தானே பேட்டை. இவன் உங்க கோல்ல நிக்கிறதுன்னா, இதைக் கட்டின கோல்லதான் நிக்கணும். கட்டிட்டு வாங்க. கை வைக்கிறேன்."

"இப்பவேவா? சோறு ஆறிடுமே!"

"ஆறட்டும்."

தேவராஜ் கவளத்தை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்தார். "இது நம்ம கம்பத்துக்குன்னு நினைச்சேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

"நீங்க கேக்கலையேண்ணே."

ஆமிர் சிரித்துக்கொண்டே எழுந்தான். அவனும் ஆல்பினும் உறைகளை லாரியில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனார்கள். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வெற்றிலை போட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். செல்லக்கண்ணு நகரவில்லை. அவர் தட்டில் நெய் உறைந்து வெள்ளையாகப் படிந்தது. ஈ வராமல் விஜயகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். "வீட்டுல ஒரு நாள் குழம்பு ஆறிட்டா என்ன ஆட்டம் ஆடுவாரு தெரியுமா?" என்று ஆன்மேரியிடம் சொன்னார்.

சாதிக் பாட்சாவின் செல்போன் ஒலித்தது. படத்தோடு வந்த அழைப்பு. மின்சாரம் போயிருந்த நேரம், சிக்னல் விட்டுவிட்டு வந்தது. எல்லோரும் அவர் தோளைச் சுற்றி நெருக்கினோம். பச்சை உறை கட்டிய கம்பம் தெரிந்தது, உறைந்தது, மறுபடி அசைந்தது.

"கிட்ட காட்டு" என்றார் செல்லக்கண்ணு. "இன்னும் கிட்ட. ஆமிரு, அந்தக் கீழ் முடிச்சு தளர்ந்திருக்கு."

"எல்லாம் இறுக்கித்தான் கட்டிருக்கோம் சாச்சா!"

"எனக்குத் தெரியுது. அவுத்துக் கட்டு."

அவிழ்த்துக் கட்டினான். அடுத்த கம்பம். அதற்கடுத்தது. கடைசிக் கம்பத்தில் ஆல்பின் வந்து நின்றான். போனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தலையைக் கொண்டுபோய் உறையில் ஒரு முட்டு முட்டினான். சத்தமே இல்லை. இன்னொரு முட்டு.

"டேய்! போதும்டா!" என்று மரத்தடியிலிருந்து ஆன்மேரி அலறினார். அது அவனுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் ஓடிவந்து சாதிக் பாட்சாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "தலையை எடுடா அங்கிருந்து! முட்டிப் பாக்கிறதுக்கு வேற தலை கிடைக்கலையா?" என்றார். பிறகு போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு செல்லக்கண்ணுவைப் பார்த்து, "சாப்பிடுங்க அண்ணே" என்றார்.

செல்லக்கண்ணு சாப்பிட்டார். ஆறிய சோறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆல்பின் வைத்த இரண்டாவது துண்டையும் எலும்பு தெரியத் தின்றார். சாதிக் பாட்சா பானையின் அடியில் சூடாக இருந்ததைச் சுரண்டி இன்னொரு கரண்டி போட்டார்.

"பேசாம நீயும் எங்க பக்கம் வந்துடேன்" என்றார். "உனக்குன்னு தனிப் பானை கொண்டாறேன்."

"வரலாம். ஆனா உங்க லெப்ட் பேக்கை நாள் முழுக்கப் பாக்கணுமே. அவன் பந்தைக் கண்டா வழி விடுறான் பாய், பெரியவங்களைக் கண்ட மாதிரி."

"அவன் என் மச்சான்!"

"அதான் யாரும் சொல்லலைன்னு தெரியுது."

சிரிப்பு அடங்கியபின் தேவராஜ் தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்குத் தவறியவரின் களைப்பு இருந்தது. "சரி, பையன் போயாச்சு. நல்லா இருக்கட்டும். நம்ம கோல்ல யாரு நிக்கிறது? அதையும் நீயே சொல்லு."

செல்லக்கண்ணு இதற்காகவே காத்திருந்தவர்போல் சொன்னார். "ரேவதி மகன் இருக்கான்ல, மார்க்கெட்டுல பூக்கடை. நீளக் கை. தெருவுல ஆடுறப்ப பாத்திருக்கேன். பந்தை வாங்கினா விடமாட்டான். நம்ம பேட்டை."

"கூப்பிடு."

"கேட்டுட்டேன். அவனுக்கு ஆசைதான். ரேவதிதான் விடமாட்டேங்குது. ஆன்மேரி மகனுக்கு ஆனதை எல்லா அம்மாவும் பாத்தாங்கல்ல. இந்தப் பேட்டையில ஒரு அம்மாவும் அந்தக் கம்பத்துக்கு நடுவுல பிள்ளையை அனுப்ப மாட்டா. நீங்க கியாக்தான்ல போய்த்தான் தேடணும். அங்கயும் அம்மா இருப்பாங்க."

தேவராஜ் எழுந்தார். லுங்கியை இறுக்கிக்கொண்டு மைதானத்துக் கோல் ஒன்றை நோக்கி நடந்தார். எங்களுக்காக அவர் நிறையக் கோல் அடித்தது அந்தக் கோலில்தான். இடது பக்கக் கம்பத்தின் முன்னால் நின்று, விரல் கணுக்களால் இரும்பைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகத் தட்டிவிட்டுக் கையை உதறினார்.

"செல்லக்கண்ணு!" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "நாடாவை எடுத்துட்டு வா!"

செல்லக்கண்ணுவின் வாய் நிறையச் சோறு. இடது கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டிவிட்டு, தட்டில் மிச்சமிருந்ததை நிதானமாக வழித்தார்.